முத்துலிங்கம் சேர் வெல்ல வேண்டும்

றுஷ்னா என்ன தொழில் செய்கிறாள் என்பதை அவளுடைய உம்மாவுக்கு விளங்கப்படுத்தவே முடியவில்லை. வளர்ந்த ஆட்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற ஆட்கள், ஒரு சனிக்கிழமை முழுதும் துண்டுக் கடதாசி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொழும்பு றோட்டுகளில் ஓடித் திரிவார்கள். அப்படி ஓடுவதற்கு அவர்களுடைய கம்பனி செலவழிக்கும். என்னத்துக்கு என்று உம்மா கேட்டால், வேலை செய்கிறவர்கள் ஒற்றுமையாக இருப்பதற்கு என்பாள் றுஷ்னா. ஒற்றுமை வேண்டுமென்றால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாமே என்பது உம்மாவின் அபிப்பிராயம். உம்மா சொல்வது வெளியில் பரவினால் தன்னுடைய தொழில் படுத்துவிடும் என்பது றுஷ்னாவுக்குத் தெரிந்திருந்தது.

அவளுடைய பங்காளி சயந்தன். இருவரும் முன்பு ஒரு ஹோட்டலில் கலியாணம், மாநாடு, பிறந்தநாள் என்று விழாக்களை ஒழுங்கு செய்யும் பிரிவில் இருந்தவர்கள். ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் ஹோட்டல் அந்தப் பிரிவை இழுத்து மூடியது. அதன் பிறகு வெள்ளவத்தையில் ஒரு மொண்டிசோரிப் பள்ளிக்கு மேலே அறை எடுத்து, அலுவலகங்களுக்குப் புதையல் வேட்டை நடத்தத் தொடங்கினார்கள். ஆள் பிடிப்பது, பாதை போடுவது, பகல் சாப்பாடு, பிளாஸ்டர், வயிற்றோட்டக் குளிசை எல்லாம் றுஷ்னாவின் பொறுப்பு. தமிழிலும் சிங்களத்திலும் துப்பு எழுதுவது சயந்தன். அவன் அதை இலக்கியமாகவே எடுத்துக்கொண்டான். ஒரு துப்பு எழுத வாரக்கணக்கில் மினைக்கெடுவான். எழுதி முடித்ததும் றுஷ்னாவுக்கு வாசித்துக் காட்டி, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் போனைப் பார்த்துக்கொண்டு, நல்லா இருக்கு என்பாள்.

துப்புகளை எங்காவது ஒளித்து வைக்க முடியாது. இந்த ஊரில் ஆளில்லாத பெட்டி ஒன்றைச் சுவரோரம் வைத்துவிட்டு நகர்ந்தால் பொலிஸ் வந்து நிற்கும், அதுவும் நியாயம்தான். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆளைப் பிடித்து, அடுத்த துப்புக்கான உறைகளை அவர் கையில் கொடுத்து வைப்பார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர், பூக்கடைக்காரி, தையல்காரர் என்று பலர். தேடி வருகிற குழு கையை நீட்டி உறையை வாங்கி, அந்தக் கையையும் கடையையும் சேர்த்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இந்தத் தடவை அவர்களைக் கூப்பிட்டது குளியலறைச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனி. குழாய், பேசின், கொமட் எல்லாம் விற்பார்கள். அதன் உரிமையாளர் முத்துலிங்கம், அறுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர். ஆனால் றுஷ்னாவோடு பேசி ஒழுங்கு செய்தது எச்.ஆர். மனேஜர் நதீஷா. அங்கே இருந்த பிரச்சினையை நதீஷா சிங்களமும் இங்கிலிஷும் கொஞ்சம் தமிழும் கலந்து சொன்னாள். விற்பனைப் பிரிவுத் தலைவர் ஷிஹான், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் றேமண்ட். ஒரு கலியாண மண்டபத்துக்கு ஷிஹான் வெள்ளைக் கொமட் விற்றார். ஸ்டோர்ஸில் இருந்து போய்ச் சேர்ந்தது ரோஸ் நிறம். வெள்ளை இல்லாத நாளில் வெள்ளை விற்றது யார் என்று றேமண்ட் கேட்டார். ரோஸை ஏற்றும்போது கண் எங்கே இருந்தது என்று ஷிஹான் கேட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதமாக இருவரும் கதைப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். பிரதி முத்துலிங்கத்துக்குப் போகும். இருவருக்கும் கீழே வேலை செய்கிறவர்களும் தங்கள் தலைவருக்கு விசுவாசமாக மதியச் சாப்பாட்டு மேசையைக்கூட இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எல்லாம் பேசி முடித்து றுஷ்னா கேற்றடிக்கு வந்தபோது நதீஷா பின்னாலேயே வந்து, நங்கி, தங்கச்சி, இன்னொரு விஷயம் என்றாள். பெரிய சேரும் விளையாடுவார். அவருடைய குழுதான் வெல்ல வேண்டும். ஏன் என்று றுஷ்னா கேட்டதற்கு, உங்களுக்கு அவரைத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சயந்தனுக்கு இது பிடிக்கவில்லை. கள்ள விளையாட்டுக்குத் துப்பு எழுத மாட்டேன் என்று அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள். விடை எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. முத்துலிங்கத்தின் குழுவுக்கு மட்டும் சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரித் தனியாக எழுதுவது. மற்ற நான்கு குழுக்களுக்கும் வழமையான துப்பு.

வேட்டை நாளன்று காலை எல்லோரும் மரீன் டிரைவில் கூடினார்கள். முத்துலிங்கம் புத்தம்புதுச் சப்பாத்து, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஒரு விசில் என்று வந்திறங்கினார். விசில் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. தொடங்குவதற்கு முன் ஒரு பேச்சும் பேசினார். வெல்வது முக்கியமில்லை, பங்குபற்றுவதுதான் முக்கியம் என்றார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குழுவையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் வேறு செய்தி இருந்தது.

அவருடைய குழுவில் கணக்குப் பிரிவுக் கனகேஸ்வரியும், புதிதாக வேலைக்குச் சேர்ந்து இன்னும் பயம் தெளியாத இரண்டு பேரும் இருந்தார்கள். கனகேஸ்வரி கம்பனி தொடங்கிய காலத்தில் இருந்தே அங்கே இருக்கிறவர். முழங்கால் வருத்தம் உண்டு. முத்துலிங்கத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று நதீஷா சொல்லியிருந்தாள். குழுவுக்கு ஒரு போன்தான் என்பது விதி. அந்தக் குழுவின் போனைக் கனகேஸ்வரி தன் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

முதல் துப்பு வெள்ளவத்தை ஸ்டேஷன். மற்றக் குழுக்களுக்கு சயந்தன் எழுதியிருந்தது இது: ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் ஹோர்ன். நடுவில் இரண்டு இரும்பு படுத்திருக்கும், ஒன்றையொன்று தொடாது. முத்துலிங்கத்தின் உறைக்குள் இருந்தது: வெள்ளவத்தைப் பக்கத்தில் ரயில் நிற்கும் இடத்தில் தேத்தண்ணி கொடுப்பவரிடம் கேள். அவர் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் ஸ்டேஷன் கூரை தெரிந்தது. தேத்தண்ணி கொடுப்பவரும் தெரிந்தார்.

முத்துலிங்கம் துண்டை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காலி வீதிப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினார். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

றுஷ்னாவும் சயந்தனும் தங்கள் அறைக்குப் போய் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களுக்குக் காத்திருந்தார்கள். முதலில் வந்தது படமில்லை, கனகேஸ்வரியின் அழைப்பு. அவர் கிருலப்பனையில் ஒரு சலூன் வாசலில் நின்றார். நடந்ததை அடக்கமான குரலில், ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னார். இவ்வளவு லேசாக எந்த மடையனும் எழுத மாட்டான், இது எங்களை ஏமாத்திற வேலை என்று முத்துலிங்கம் முடிவு கட்டிவிட்டாராம். ஸ்டேஷனில் ரயில் நிற்பதில்லை, வந்து போகிறது. எப்போதும் நிற்கிற ரயில் எது என்று யோசித்திருக்கிறார். பேரனுக்கு முடி வெட்டக் கூட்டிப்போன சலூனில் பிள்ளைகள் இருப்பதற்கு ரயில் மாதிரி ஒரு கதிரை இருந்தது நினைவுக்கு வந்திருக்கிறது. அங்கே காத்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். எல்லாம் பொருந்திவிட்டது.

"விடை ஸ்டேஷன்தான் அன்ரி, அவருகிட்ட சொல்லுங்க," என்றாள் றுஷ்னா.

"சொன்னனான் பிள்ளை. அப்பிடி நாங்கள் நினைக்கவேணும் எண்டுதான் எழுதியிருக்கினமாம்."

சலூன்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல, நன்றாக நடிக்கிறார் என்று முத்துலிங்கம் மெச்சிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளராக இருந்தால்தான் உறையைக் கொடுப்பார் போல என்று நினைத்து, இப்போது ஷேவ் எடுக்க உட்கார்ந்துவிட்டாராம். றுஷ்னா போனை வைத்துவிட்டுச் சயந்தனைப் பார்த்தாள். லேசாக எழுதச் சொன்னது யார் என்று அவன் கேட்டான்.

இதற்கிடையில் மற்ற நான்கு குழுக்களின் படங்களும் வந்து விழத் தொடங்கின. ஸ்டேஷன் வந்தது. தையல் கடை வந்தது. புறக்கோட்டை வந்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று எல்லாக் குழுவும் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். சயந்தனுக்கு முதலில் பெருமையாக இருந்தது, தன் துப்புகளை இவ்வளவு பேர் ரசித்து விடுவித்திருக்கிறார்கள் என்று. பிறகு கவலை வந்தது. புறக்கோட்டைத் துப்பை எழுத அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அதை ஆட்கள் இப்படித் தண்ணீர் குடிக்கிற மாதிரி விடுவிக்கக் கூடாது.

கனகேஸ்வரி மறுபடியும் போன் எடுத்தார். இப்போது கிராண்ட்பாஸ். ஷேவ் முடிந்தும் உறை கிடைக்காததால் முத்துலிங்கம் எழும்ப மறுத்திருக்கிறார். அவரை எப்படியாவது அனுப்பிவிட வேண்டுமென்று சலூன்காரர், கிராண்ட்பாஸில் தன் அண்ணன் சலூன் வைத்திருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதைத்தான் முத்துலிங்கம் இரண்டாவது துப்பு என்று எடுத்துக்கொண்டார். பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தால், அண்ணனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அண்ணன் நல்ல வியாபாரி. சேரின் நரைக்கு டை அடித்தால் பத்து வயது குறையும் என்று சொல்லியிருக்கிறார்.

"அடிச்சிட்டாரா?" என்று றுஷ்னா கேட்டாள்.

"தலையில ஊறிக்கொண்டிருக்கு," என்றார் கனகேஸ்வரி.

றுஷ்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. இனித் துப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பசிக்கிறது என்று ஏதாவது சொல்லி அவரைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டி வந்துவிடுங்கள் என்றாள். அங்கே பஸீரின் சாப்பாட்டுக் கடையில்தான் வேட்டை முடிகிறது. பரிசாகத் தங்க நிறம் பூசிய ஒரு தண்ணீர்க் குழாயும், எல்லோருக்கும் பகல் சாப்பாடும் அங்கேதான். பஸீர் அவளுக்கு உம்மா வழியில் மாமா முறை.

போனை வைத்துவிட்டு அவள் மறுபடியும் படங்களைப் பார்த்தாள். அப்போதுதான் பெருவிரல் கண்ணில் பட்டது. சிவப்புக் குழுவின் படத்தில் உறையைப் பிடித்திருந்த கையின் பெருவிரலில் ஒரு பிளாஸ்டர். நீலக் குழுவின் படத்திலும் அதே பெருவிரல், அதே பிளாஸ்டர். பச்சையிலும் மஞ்சளிலும் அதே. அந்தப் பிளாஸ்டரைக் காலையில் ஒட்டிவிட்டதே அவள்தான். பேசின் ஒன்று விழுந்து நசுங்கிய விரல் அது. றேமண்டின் விரல்.

சயந்தன் கொட்டாஞ்சேனைக்குப் போக ஓட்டோ ஒன்றைப் போனில் கூப்பிட்டான்.

கொட்டாஞ்சேனையில் பஸீர் கல்லாவில் இருந்தார். அவளைக் கண்டதும் சந்தோஷமாக எழும்பினார். "ஒங்கட ஆக்கள் எப்பவோ வந்துட்டாங்களே மகள். நீங்க அனுப்பின எண்டு சென்னாங்க. மேல ஈக்கிறாங்க, சாப்பாடு கொடுத்தாச்சு."

மேல் மாடியில் நான்கு குழுவும் மொத்தமாக இருந்தது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன் சாப்பாடு, அறை முழுதும் பரவியிருந்தது. ஒரு சஹனில் விற்பனையும் ஸ்டோர்ஸும் கலந்து உட்கார்ந்து ஒரே கோழிக்காலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ஷிஹான் தன் பக்கத்துச் சோற்றில் கிடந்த ஈரலைத் தள்ளித் தள்ளி றேமண்டின் பக்கம் விட்டுக்கொண்டிருந்தார். றேமண்ட் பிளாஸ்டர் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் சாப்பிட்டார். நதீஷாவும் அங்கேதான், வாய் நிறையச் சோற்றோடு. றுஷ்னாவைக் கண்டதும் அவளுக்கு விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

கதை சீக்கிரமே வெளியில் வந்தது. சயந்தன் போன வாரம் பாதை பார்க்கப் போனபோது, ஒவ்வொரு கடையிலும் ஒரு படம் எடுத்து, அடுத்த வேட்டைக்குத் தயார் என்று முகநூலில் போட்டிருந்தான். ஷிஹான் காலையில் முதல் துப்பை வாசித்துவிட்டு, வாசித்ததுகூட இல்லை, பார்த்துவிட்டு, சயந்தனின் பக்கத்துக்குப் போய்ப் படங்களைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லா இடமும் வரிசையாக அதில் இருந்தது. வெயிலில் எல்லோரும் அலைவதை விட ஒருவர் போனால் போதும். விரைவாகப் போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும். குழுக்களில் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தது றேமண்ட் மட்டும். கடைசியில் றேமண்ட் அதை ஓட்ட, ஷிஹான் பின்னால் இருந்து எல்லாக் குழுக்களின் போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் நான்கு உறைகளையும் வாங்கி, நான்கு போனிலும் மாறி மாறிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மற்றவர்கள் பஸ் ஏறி நேரே சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"ஒரு துப்பாவது வாசிச்சனீங்களோ?" என்று சயந்தன் கேட்டான். எல்லோரும் சோற்றைப் பிசைந்தார்கள். ஒரு பெண், முதலாவது நன்றாக இருந்தது என்றாள். என்ன இருந்தது என்று கேட்டதற்கு, உப்பு என்றாள்.

றுஷ்னாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது சிரிப்புத்தான். எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் கொழும்பைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அவள் விற்றதே இதைத்தான். அவள் எழுதிய திட்டப்படி நடந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

அதற்குள் பஸீர் படியில் நின்று, இன்னும் நாலு பேர் கீழே வருகிறார்கள், அதில் ஒரு ஆள் பெரிய ஆள் போல் இருக்கிறார் என்று சொன்னார். நதீஷாவின் முகம் வெளுத்தது. விழுங்கிவிட்டு, கட்டளை போட்டாள். எல்லோரும் சமைக்கிற குசினிப் பக்கமாக இறங்கிப் பின்வழியால் போக வேண்டும். சேர் முதலில் வந்து உட்காரட்டும், பிறகு ஓடி வந்த மாதிரி ஒவ்வொரு குழுவாக வரலாம். சஹன்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கம்பனியில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடந்ததை நதீஷாவே அதற்கு முன் கண்டதில்லை என்று பிறகு சொன்னாள். ஒருவர் தட்டைத் தூக்க, ஒருவர் தண்ணீர்க் கிளாசை அள்ள, ஒருவர் சிந்திய சோற்றைத் துடைக்க, அறை காலியாகிக்கொண்டு வந்தது.

கடைசிச் சஹனை ஷிஹான் ஒரு பக்கமும் றேமண்ட் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக் குசினிக் கதவுக்குப் போகும்போது முத்துலிங்கம் படியேறி வந்துவிட்டார்.

முதலில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. நரைத்த தலை கன்னங்கரேல் என்று மினுங்கியது. காதோரம் டை வழிந்து கோடு போட்டிருந்தது. முகம் மழமழவென்று இருந்தது. புதுச் சப்பாத்துக் காலைக் கடித்துவிட்டதால் நொண்டிக்கொண்டு வந்தார். பின்னால் கனகேஸ்வரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

முத்துலிங்கம் ஷிஹானைப் பார்த்தார். றேமண்டைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் இருந்த தட்டைப் பார்த்தார். குசினிக் கதவுக்குள் இருந்து மற்றவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன. நதீஷா ஏதோ தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு றுஷ்னாவைக் கேட்டார்.

"பிள்ளை, நாங்கள் எத்தினையாவது?"

பொய் சொல்ல அவளுக்கு நல்ல வசதி இருந்தது. நீங்கதான் சேர் முதலாவது என்று சொல்லிக் குழாயைக் கையில் கொடுத்துவிட்டால் நதீஷாவுக்கும் நிம்மதி, அடுத்த வருட வேலையும் உறுதி. ஆனால் காதோரம் வழிந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நீங்க ஒரு இடமும் கண்டுபிடிக்கல்ல சேர்," என்றாள். "அவங்க தேடவே இல்ல."

"முதலாவது விடை என்ன?"

"ஸ்டேஷன்."

அவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அவ்வளவு லேசாவோ எழுதுவினம்?"

"உங்களுக்கு மட்டும்தான் சேர் லேசா எழுதினனான்," என்றான் சயந்தன். துப்புகளை ஒருவரும் வாசிக்கவில்லை என்ற கடுப்பில் அவன் எதையும் மறைக்கிற நிலையில் இல்லை. "நீங்கள் வெல்லவேணும் எண்டு கேட்டவை."

யார் கேட்டது என்று முத்துலிங்கம் கேட்கவில்லை. நதீஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது வேறொன்று. காலை முழுதும் தான் ஒருவர்தான் விளையாடியிருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் தோத்தா என்ன செய்துபோடுவன் எண்டு நினைச்சனீங்கள்?"

கனகேஸ்வரி ஒரு கதிரையைக் கண்டுபிடித்து முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொன்னார்.

"போன வருஷம் கரம் போட்டியில தோத்துப்போட்டு, கரம் போர்டை வீட்டுக்குக் கொண்டு போனனீங்கள்."

குசினிக்குள் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் விட்டார்கள். அதோடு அணை உடைந்தது. றேமண்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கை தளர, சஹன் சரிந்து, ஷிஹான் ஒரு காலைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். முத்துலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. போர்டு பொலிஷ் பண்ணக் கொண்டு போனது என்றார். யாரும் அதை நம்பவில்லை. அவரும் அதை வற்புறுத்தவில்லை. தட்டைக் கீழே வையுங்கோ, கொட்டப் போகுது என்றார். அவர்கள் வைத்ததும் தானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது, அதுவும் கொஞ்சமாக, தட்டைப் பார்த்துக்கொண்டு.

குழாயை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒருவரும் வெல்லவில்லை என்று முத்துலிங்கம் தீர்ப்புச் சொன்னார். இந்த முழங்காலோடு மூன்று பஸ் ஏறி இறங்கியது நான் என்று சொல்லிக் கனகேஸ்வரி அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு எதிர்ப்பு வரவில்லை.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் முத்துலிங்கம் மற்றக் குழுக்களுக்குக் கொடுத்த துப்புகளைக் கேட்டார். பிரிக்காத உறைகளாகவே ஷிஹான் எடுத்துக் கொடுத்தார். இடக்கையால் ஒன்றைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"கட்டினாலும் மாலை, காத்திருந்தாலும் மாலை. என்னை விற்பவளிடம் கேள்." மறுபடியும் ஒருமுறை மனசுக்குள் வாசித்தார். "ஆர் தம்பி இதை எழுதினது?"

சயந்தன் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி எழும்பி நின்றான். முத்துலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். விடையைச் சொல்ல வேண்டாம் என்றார். சிங்களத் துண்டில் இதை எப்படி எழுதினீர் என்று கேட்டார். சிங்களத்தில் அது வெறும் பின்னேரம் பற்றிய வசனமாகப் போய்விட்டது என்று சயந்தன் ஒப்புக்கொண்டான். அதைப் பற்றி இருவரும், கை காய்ந்து சோறு ஒட்டிப் போகும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். றுஷ்னா சயந்தனை ஹோட்டல் காலத்தில் இருந்தே அறிவாள். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. தான் ஒரு துப்பைக்கூட முழுதாகக் கேட்டதில்லை என்ற நினைப்பு வந்தபோது அவள் எழும்பிக் கை கழுவப் போனாள்.

திங்கட்கிழமை ஷிஹானும் றேமண்டும் மறுபடியும் சண்டை பிடித்தார்கள். இந்தத் தடவை பேசின் விஷயம். ஆனால் மின்னஞ்சல் இல்லை, நேருக்கு நேர், ஸ்டோர்ஸ் வாசலில் நின்று, கட்டடம் முழுதும் கேட்கிற மாதிரி. இதை முன்னேற்றம் என்று சொல்லலாமா என்று நதீஷா போனில் கேட்டாள். உங்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்றாள் றுஷ்னா.

முத்துலிங்கம் அதோடு விடவில்லை. உண்மையான துப்புகளோடு, முதலில் இருந்து, தான் ஒழுங்காக விளையாட வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி ஜெகதீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பழைய உறைகளோ எல்லாம் அன்றைக்கே கைமாறிக் கிழிந்து போய்விட்டன. சயந்தன் புதிதாக எழுதி மடித்தான். அவற்றை மறுபடியும் ஒவ்வொரு கடையிலும் முன்கூட்டியே கொடுத்து வைக்க, தன்னுடைய லீவு நாளில் ஓட்டோவில் அலைந்தது றுஷ்னா. எழுதினவன் வீட்டில் இருந்து முத்துலிங்கத்தின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு துப்பில் வினைச்சொல் சரியில்லை என்று புறக்கோட்டையில் இருந்து ஒரு அழைப்பு. அது சரிதான் என்று அரைமணித்தியால விவாதம்.

பூக்கடை கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பக்கத்தில். றுஷ்னா உறையைப் பூக்கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஜெகதீஸ்வரி வழிகாட்ட, இருவரும் 155 பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். அவள் பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைக்குலைகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். முத்துலிங்கம் கடைக்கு முன்னால், இரண்டடி தள்ளி நின்று துண்டை வாசித்தார். ஜெகதீஸ்வரி பூக்கடையைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, மாலை விக்கிற இடம் இதுதானே."

"பொறுமப்பா, அவசரப்படாதேயும். அப்பிடி லேசா இருக்காது," என்றார் முத்துலிங்கம். துண்டை இன்னொரு முறை வாசித்துத் தலையாட்டிவிட்டு, ஆமர் வீதிப் பக்கமாகத் தனியே நடந்து போனார்.

ஜெகதீஸ்வரி பின்னால் போகவில்லை. ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு வாழைக்குலைப் பக்கம் திரும்பி, அங்கே ஒளிந்து நின்றவளைப் பார்த்துச் சொன்னார்.

"வெளியில வாங்கோ பிள்ளை. அவர் ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத்தான் வருவார். அதுக்கிடையில நாங்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பம்."